சின்னம்மா என்றதும்

பாப்பா,

உன் காரை இனி அப்பா ஓட்டட்டும் என்று, துடைத்து வைக்க இன்றைக்குத்தான் கதவைத் திறந்தேன். தைல வாசம் முகத்தில் அடித்தது. நீ வேலை செய்த இல்லத்துப் பிள்ளைகளைக் கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போனால் பயத்தில் வாந்தி எடுப்பார்கள் என்று எப்போதும் ஒரு பாட்டில் வைத்திருப்பாய். டிங்கிக் காய்ச்சலில் நீ போய் ஐந்து மாதம். வாசம் போகவில்லை. துணியை அங்கேயே வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பொறுத்துக்கொள்.

தர்ஷினி வந்திருந்தாள். அதைத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் அடிபட்ட பெண் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் அந்த இல்லத்தைப் பற்றி நீ வீட்டில் அதிகம் பேச மாட்டாய். தீபாவளிக்கு முறுக்கு பிழிய நாலு பிள்ளைகளைக் கூட்டி வந்தாயே, அப்போதுதான் தர்ஷினியைப் பார்த்தேன். பிழிந்ததைவிடத் தின்றது அதிகம். "ஆன்ட்டி, உடைஞ்சதைத்தான் சாப்புடுறேன்" என்று சொல்லிக்கொண்டே உடைப்பாள்.

அடுத்த வருஷம் சிம்பாங் ரெங்கம் கோயில் திருவிழாவில், அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் ஒருத்தி நின்றாள். எந்தத் தோட்டம் என்று கேட்டாள். சொன்னேன். அவளும் அதே தோட்டம், பக்கத்து லயத்து வரிசை வீடு. அப்புறம் என்ன, அக்கா தங்கச்சி ஆகிவிட்டோம். அக்கா மகள் ஒருத்தியை வளர்த்தேன், எங்கே போனாளோ தெரியவில்லை, உயிரோடு இருக்கிறாளா என்றுகூட யாரும் சொல்லவில்லை என்று அழுதாள். பெயரைக் கேட்டேன். தர்ஷினி என்றாள்.

சின்னம்மா என்றதும் எனக்கு மனசு இளகிவிட்டது. பெத்தவளுக்கு அடுத்தது அவள்தானே என்று நினைத்தேன். அழாதே, என் மகள் வேலை செய்யும் இடத்தில்தான் இருக்கிறாள், குளுவாங்கில் நல்லாப் படிக்கிறாள் என்று பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக் கும்பிட்டாள்.

மூன்றாம் நாள் அவள் புருஷன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். பிள்ளையை அடித்துக் கையை ஒடித்தவனே அவன்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? காவலாளி விடவில்லை. அன்றைக்கே நீ அவளை மெர்சிங் பக்கம் வேறொரு இல்லத்துக்கு மாற்றினாய். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஐந்தாம் படிவப் பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அவள் எழுதவில்லை.

நீ வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்தாய். நானே எல்லாவற்றையும் சொன்னேன். நீ சத்தம் போடவில்லை.

"அந்தம்மா அழுதாங்கன்னு சொன்னீங்க. அந்தப் புள்ள அந்த வீட்டுல அழுதப்ப யாருமே கேக்கலம்மா."

அதற்குப் பிறகு அதைப் பற்றி நீ பேசவே இல்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள் இப்போது தெப்ராவில் ஒரு பேக்டரியில் வேலை செய்கிறாள். நல்ல உயரம். உன் படத்துக்கு முன்னால் நின்றாள், ஆனால் கும்பிடவில்லை. தண்ணீர் கொடுத்தேன். குனிந்தபடியே பேசினாள்.

"அக்காகூட நாலு வருசமா நான் பேசல ஆன்ட்டி. சின்னம்மாகிட்ட பள்ளிக்கூடத்தப் பத்தி அவங்களே வாய் தவறிச் சொல்லிட்டதா சொன்னாங்க. எத்தனையோ தடவ போன் அடிச்சாங்க. நான் எடுக்கல."

இந்தப் பிள்ளைகளிடம் எதைச் சொன்னாலும் பொய் மட்டும் சொல்லக்கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாய். நீ ஒரு பொய் சொல்லியிருக்கிறாய், அதற்கு நாலு வருஷம் கட்டுப்பட்டும் இருந்திருக்கிறாய். நான் இங்கே வேளாவேளைக்குச் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவள் அழுதுவிட்டுப் போயிருப்பாள். முடியவில்லை பாப்பா.

"சொன்னது அவ இல்லம்மா. நான்."

கிளாசைக் கீழே வைத்தாள். வெளியே போய்த் தன் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். திரும்பி வந்து வாசல்படியிலேயே நின்று, "ஏன் அக்கா அப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுபடி வருவாளா தெரியாது.

இப்போதெல்லாம் கோயிலில் யாராவது எந்தத் தோட்டம் என்று கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். கர்வம் பிடித்தவள் என்கிறார்களாம். என்னிடம் மிச்சம் இருப்பது அவள் கேட்ட அந்தக் கேள்விதான். அம்மாவைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னாய்? இல்லை, அவளுக்குக் கோபித்துக்கொள்ள யாரோ ஒருத்தர் வேண்டும், அது தாங்கக்கூடிய ஆளாக இருக்கட்டும் என்று சொன்னாயா?

அவள் போனை எடுக்காத ஒவ்வொரு தடவையும், சொன்னது என் அம்மாதான் என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பிவிடலாமே என்று உனக்குத் தோன்றவே இல்லையா, பாப்பா?