விடியலில் சுடாத ரைபிள்

17.12.1978, ஞாயிறு

விசையை மூன்று தடவை அழுத்தினேன். மூன்று தடவையும் ‘டிக்’. தோட்டா வெடிக்கவே இல்லை. கையைத் தூக்கிக் காட்டினால், எங்கள் என்.சி.சி. ஹவில்தார் கோவிந்தராசு சிரிக்கிறார். “விரல்ல வலுவே இல்லயே. வீட்டுல வெறும் ரசஞ்சோறுதான் போடுறாங்களா?”

நெடுங்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருவதால் எப்போதும் விடிந்ததும் நான்தான் முதலில் சுட வேண்டும். எங்கள் கல்லூரிக்கு இருப்பது ஒரே ரைபிள். அதே ரைபிள் ஒன்பது மணிக்கு அஞ்சுகத்துக்குப் படபடவென்று சுட்டது. ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாமல் இரண்டையும் மூடிக்கொள்கிறவள் அவள். சிநேகிதிதான், இருந்தாலும் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறும் இப்படியென்றால் பாண்டிச்சேரி கேம்பில் நடக்கும் சுடும் போட்டிக்கு என் பெயர் கிடையாதாம். அப்பாவிடம் சொன்னேன். “அப்ப பரேடு கிரேடெல்லாம் போதும், வீட்ல இரு” என்றார்.

இருக்க மாட்டேன்.

18.12

விரலில் வலு இல்லையாம். ஐப்பசியில் நாள் முழுக்க நாற்றுப் பறித்த விரல் இது. போய்யா.

20.12

தலைக்கு வைக்கலாமென்று எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் கட்டியாக உறைந்து கிடக்கிறது. “வெயில்ல வைடி, எளகிடும்” என்றாள் அம்மா.

வெயிலில் வைத்தால் இளகும் — ஒன்பது மணிக்கு அஞ்சுகத்துக்குச் சுட்டதே?

அடப்பாவி. ரைபிள் எண்ணெய் தீர்ந்துபோய், கடல்காற்றில் துரு ஏறக் கூடாதென்று, போல்ட்டுக்குள் தேங்காயெண்ணெய்தானே விட்டுக்கொண்டிருக்கிறோம்? ஹவில்தார் சொல்லித்தானே? தோட்டாவைக் குத்த வேண்டிய உள்ஊசி உறைந்த எண்ணெயில் ஊர்ந்து போனால் எப்படி வெடிக்கும்?

என் விரலைச் சொன்னாரே!

24.12, ஞாயிறு

மறுபடியும் டிக். எழுந்துகொள்ளச் சொன்னார் ஹவில்தார். நான் எழவில்லை.

“போல்ட்டைக் கழட்டிப் பாருங்க சார்.”

“எனக்கே சொல்லித் தர்றியா?”

“அப்ப நீங்களே சுடுங்க சார். இப்பவே, வெயில் வர்றதுக்குள்ள.”

விறைப்பாக வந்து படுத்தார். புதுத் தோட்டா போட்டார். குறி பார்த்தார்.

டிக்.

அஞ்சுகம் தொப்பியால் வாயை மூடிக்கொண்டாள்.

போல்ட்டைக் கழற்றினால் உள்ளே மெழுகு மாதிரி வெள்ளையாக அப்பிக் கிடக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மாட்டினோம். ஐந்து தோட்டா சுட்டேன். ஐந்தும் வெடித்தன, அதில் நான்கு இலக்கின் கறுப்பு வட்டத்துக்குள். எனக்கு அழுகை முட்டியது. அவர் முன்னால் அழுவேனா?

“வடிவாம்பாள் பேர எழுதிக்க” என்று அஞ்சுகத்திடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருக்கலாம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

25.12

“எத்தன நாளு கேம்பு?” என்று மட்டும் கேட்டார் அப்பா.

21.1.1979, பாண்டிச்சேரி

விடியற்காலைப் பயிற்சி. பக்கத்தில் படுத்திருந்த வேறு கல்லூரிப் பெண்ணுக்கு ரைபிள் வெடிக்கவில்லை. பயந்துபோய்க் கையைத் தூக்கினாள். திட்ட வாயெடுத்தார் எங்கள் ஹவில்தார். என் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

“ஒன்மேல தப்பு இருக்காதும்மா. அசையாம படு, ரைபிள பாப்போம்” என்று அவளருகில் மண்டியிட்டார்.