வலது பக்கம் கைப்பிடி

வெள்ளக்கடை
அக்டோபர் 14

என் அன்பு மகள் பிரிஸ்கில்லாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. உன் சுகம் அறிய ஆவல் என்று எழுதிவிட்டேன். அதற்கு முன்னால் வர வேண்டிய "இங்கே எல்லாரும் சுகம்" என்ற பாதியை மட்டும் இன்றைக்கு எழுத முடியவில்லை கண்ணு. பதறாதே, யாருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை. உங்கப்பா இந்த நேரம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் வீட்டு ஆடு நம் மிளகுக் கொடியில் வாய் வைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் பள்ளிக்கூடத் தையல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், மத்தியான மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்பாய். நம் வீட்டில் ஒரு அறையில் பேசினால் மூன்று அறைக்கும் கேட்கும், அதோடு நான் பாதி சொல்வதற்குள் நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். ஈவ்லின் டீச்சர் மகன் பென்னி, உன் ஊருக்குப் பக்கத்தில் படிக்கிறானே, தங்கை கல்யாணத்துக்கு வந்தவன் வியாழக்கிழமை திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் போன் செய். பாதியில் செய்தால் எடுக்கமாட்டேன், சொல்லிவிட்டேன்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை வாட்ஸப்பில் கேட்டிருந்தாயே, அப்பாவுக்கு ஃப்ளை தூண்டில் ராடும் ரீலும் வாங்கப் போகிறேன், நூறு பவுண்டுக்குள் முடிக்க வேண்டும், கடைக்காரர் நான்கு கேள்வி கேட்கிறார் என்று. என்ன மீன், எப்படிப்பட்ட தண்ணீர், சுற்றிலும் வீச இடம் இருக்கிறதா, எந்தக் கைக்காரர். நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசுவதைப் படம் எடுத்து அனுப்பினாயே, அன்றைக்குப் பிடித்த பைத்தியம் உங்கப்பாவுக்கு இன்னும் விடவில்லை. மண்புழு வேண்டாமாம், இறகையும் நூலையும் வைத்து ஈ மாதிரிக் கட்டிய கொக்கியாம், மீன் பூச்சி என்று ஏமாந்து வாயைத் திறக்குமாம். ரிட்டையர் ஆனதும் எஸ்டேட் குட்டையில் நானும் இப்படி வீசுவேன் என்று தூண்டில் கூட்டாளி சித்தனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார். அந்த ஆசைக்காகத்தான் நீ வாங்குகிறாய், தெரியும். முதல் மூன்று கேள்விக்கும் பதில் இருந்தது. எந்தக் கை என்று நீ கேட்டதற்குத்தான் இல்லை. உங்கப்பாவுக்கு வலது கை வேலை செய்யவில்லை சாமி. ஜூன் மாதத்திலிருந்து.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, எஸ்டேட்டில் ஆள் பேர் கூப்பிடும் நேரம். பேனா கீழே விழுந்திருக்கிறது, எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. டிரைவர் மாதேஷ் ஜீப்பில் போட்டுக் குப்பனூர் ரோடு வழியாக மலையிறக்கிக் கொண்டுபோனான். நான் பின் சீட்டில் உங்கப்பா தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மங்களவார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டு போனேன். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது, பக்கவாதம் என்றார்கள். பதினொரு நாள் சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். கால் தேறிவிட்டது, பேச்சும் முக்கால்வாசி தேறிவிட்டது, கைதான் வரவில்லை. அந்த வாரம் நீ போன் செய்தபோது இரண்டு கடவாய்ப்பல் பிடுங்கியிருக்கிறது, அதனால் பேச்சு குழறுகிறது என்று சொன்னோமே, ஞாபகம் இருக்கிறதா? உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லும்மா என்றாய். போனை வைத்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார். அப்புறம் வீடியோவில் வரும்போதெல்லாம் தோளில் துண்டு போட்டு அந்தக் கையை உள்ளே மறைத்துக்கொள்வார். சிக்னல் இல்லை என்று நான் கட் செய்த நாட்களில் பாதி நாள் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஏன் மறைத்தாய் என்று நீ என்னைக் கேட்பாய், கேட்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே என் ஜெபமாலை மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அப்போது வாய் கோணி, எச்சில் வழிய, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னார். "புள்ளைக்கு மார்ச்சு வரைக்கும் விசா பேப்பர் வேல கெடக்குது. அதுவரைக்கும் வேலைய உடக் கூடாதுன்னு அவளே சொன்னா. தெரிஞ்சா அடுத்த பிளேனுக்கு ஏறீருவா. என்ற கைக்கோசரம் அவ பொழப்பு போகோணுமா? நீ சொல்லீட்டீன்னா உன்ற கையால ஒரு வாய் சோறு திங்கமாட்டேன்" என்றார். வேறு யார் ஊட்டுவது, நான்தானே ஊட்ட வேண்டியிருந்தது? சரி என்றேன். நீ அங்கே யாரையோ பெற்றவர்களைத் தூக்கி உட்கார வைத்து, வாய் துடைத்து, சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாய் என்று நினைத்துக்கொண்டே இங்கே நான் இவருக்கு அதையெல்லாம் செய்தேன். உன்னைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை கண்ணு. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது, உன்னை விட்டால் எனக்கு யார்.

கையைவிட மோசம் ஆகஸ்டில் நடந்தது. பேங்கில் ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இடது கையால் போட்டார், பழைய கையெழுத்தோடு ஒத்துவரவில்லை. அந்தப் பெண் நல்லபடியாகத்தான் சொன்னாள், மை டப்பாவை எடுத்து முன்னால் வைத்து, "அய்யா, ரேகை வெச்சுருங்க" என்றாள். முப்பத்தொரு வருஷம் எஸ்டேட் ரைட்டராக இருந்து, சம்பள நாளில் எத்தனை பேர் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றியவர் உங்கப்பா. ரேகையை வைத்தார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார், அன்றோடு வாசல் தாண்டுவதை நிறுத்திவிட்டார். பூசைக்கும் வரவில்லை. சித்தன் ஒவ்வொரு ஞாயிறும் மூங்கில் தூண்டிலோடு வந்து, "ஏனுங்க ரைட்டரே, குட்டைல ஜிலேபி மீனு துள்ளுதுங்க, சும்மா வந்து கரைல குக்கி உக்காந்துக்கிட்டுப் பாருங்க" என்று கெஞ்சுவான். இவர் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். சேலத்தில் பயிற்சி கொடுக்கிற ராஜேஸ்வரி என்ற பெண், காப்பிக்கொட்டையை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு வலது கையால் எடுத்துப் போடச் சொன்னாள். இரண்டே நாள். "நான் என்ன கோழியா, கொட்ட பொறுக்கறதுக்கு" என்று தட்டைத் தள்ளிவிட்டார். கொட்டை கட்டிலுக்கடியில் எல்லாம் ஓடிவிட்டது. நான் குனிந்து பொறுக்கிக்கொண்டே நன்றாகத் திட்டினேன். திட்டிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன்.

இந்த நிலைமையில்தான் உன் கேள்வி வந்தது. எனக்கு அதெல்லாம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டால் நான் தப்பித்தேன் என்று நினைத்துத்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். படிக்கப் படிக்க மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை மாதம் அந்தப் போனில் வேறு என்ன பார்த்தார் என்று நினைக்கிறாய்? எல்லாம் இந்த வீடியோதான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கடையில் காட்டு. மீன் கெண்டையும் ஜிலேபியும், பெரிதென்றால் அரைக் கிலோ. தண்ணீர் ஓடாத குட்டை. பின்னால் சில்வர் ஓக் மரமும் காப்பிச் செடியும் நெருக்கம், அதனால் கடைக்காரர் சொல்லும் ஒன்பது அடி வேண்டாம், எட்டு அடி போதும். ரொம்ப விறைப்பானது புதிதாக வீசுகிறவனுக்கு ஆகாது, பாதி வரைக்கும் வளைந்து கொடுப்பதாகப் பார். நாலு துண்டாகக் கழற்றுவது என்றால் உன் பெட்டிக்குள்ளேயே அடங்கும். ரீலுக்குக் காசைக் கொட்டாதே, இந்த அளவு மீனுக்கு அது நூலைச் சுற்றி வைக்கிற சக்கரம்தானாம். மிச்சம் பிடிக்கிற காசை லைனில் போடச் சொன்னார், வீசும்போது பாரமே அதில்தான் இருக்கிறதாம், தண்ணீர் மேல் மிதக்கிற லைன் வேண்டும். எல்லாம் சேர்ந்த செட் கிடைத்தால் மலிவு. யாரோ வைத்திருந்த பழையது நல்ல விலைக்கு வந்தாலும் பரவாயில்லை, நூல் போகும் வளையங்களில் கோடு விழுந்திருக்கிறதா, துண்டுகள் சேரும் இடம் ஆடுகிறதா என்று மட்டும் பார். வெயிட் அஞ்சு என்றார். எனக்கு வந்தது கோபம். "ஒரு கை உழுந்து கெடக்குது, அஞ்சு கிலோ குச்சியத் தூக்கி வீசப் போறீங்களா, நான் உடமாட்டேன்" என்று கத்தினேன். என்னைப் பார்த்துச் சிரித்தார் பிரிஸ்கில்லா. ஜூனுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தார், வாய் ஒரு பக்கமாகத்தான் போனது, ஆனால் சத்தம் வந்தது. "மேரி, அது லைனோட நம்பரு. குச்சி உன்ற தோசைக் கரண்டி கனங்கூட இருக்காது" என்றார்.

நாலாவது கேள்வியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். ஞாயிறும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை காலை காப்பி கொடுக்கும்போது, "புள்ளைக்கு எழுதிப் போடு. ரீலுக்குக் கைப்பிடி வலது பக்கம் வேணும்னு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் எத்தனை நாளைக்குங்க இந்தப் பொய், கை நல்லா இருக்கிற மாதிரி காட்ட ரீல் வேற வேணுமா, பேப்பர் முடிந்து ஏப்ரலில் அவள் வந்து குட்டைக் கரையில் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறீர்களா என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். கத்தி முடிக்கும் வரை பொறுமையாக இருந்தார். அப்புறம் ஒட்டடைக் குச்சியை இடது கையில் எடுத்தார். "நல்லாக் கேட்டுக்க. நல்ல கையில குச்சியப் புடிச்சு வீசோணும், மத்த கையில ரீலச் சுத்தோணும். வலது கைக்காரன் வலதுல வீசி இடதுல சுத்துவான். நான் வீசப் போறது இடதுல. அப்பச் சுத்தறது எது?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் துண்டுக்குள்ளிருந்து அந்தக் கையை வெளியே எடுத்து, குச்சிக்குப் பக்கத்தில் ரீல் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். விரல் ஒன்றும் மடங்கவில்லை. எந்தப் பக்கமும் மாற்றிக்கொள்கிற ரீல் கிடைக்கிறது, அதை வாங்கினால் பயமில்லை என்று பென்னி சொன்னான். அதையும் சொன்னேன். "வேண்டாம், வலதுக்கே கட்டி வாங்கச் சொல்லு. மாத்தற வசதி இருந்தா நான் மாத்தீருவேன்" என்றார்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும், கைப்பிடி வலது பக்கம் என்று மட்டும் எழுதிப் போட்டிருந்தால் நீ ஒன்றும் சந்தேகப்பட்டிருக்க மாட்டாய். என் சத்தியமும் தப்பியிருக்கும். ஆனால் நீ வாசலில் வந்து இறங்கி அப்பா என்று கையைப் பிடிக்கும்போதுதான் உனக்கு அது முதல் தடவையாகத் தெரியவரக் கூடாது என்று தோன்றியது. சத்தியத்தை உடைத்துவிட்டேன், அவர் சாப்பிட மறுத்தால் மறுக்கட்டும், இப்போது ஸ்பூன் பிடித்துத் தானே சாப்பிடுகிறார். வா என்றும் வராதே என்றும் நான் சொல்லமாட்டேன் கண்ணு. இரண்டாவது தடவை வராது என்று டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கே வந்துவிடு என்று எழுதக் கை போகிறது. நீ அழுதுகொண்டு வந்து நின்றால் அவர் கையை மறுபடி துண்டுக்குள் வைத்துவிடுவாரோ, உன் பேப்பரும் போய்விடுமோ என்று அதற்கும் பயம். நீயே யோசித்து முடிவு செய், எதுவானாலும் நான் குறை சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள். கொக்கி வாங்கும்போது, நுனியில் பின்பக்கம் திரும்பியிருக்கும் எதிர்முள் இல்லாததாக வாங்கு. அந்தக் கையில் உணர்ச்சி இல்லை, முள் ஏறினால் அவருக்குத் தெரியாது. குளிருக்குக் காதை மூடிக்கொள், டியூட்டி மாறும் நாளிலாவது சூடாகச் சாப்பிடு.

பென்னியிடம் ஒரு சின்னப் பொட்டலம் காப்பித்தூளும் இருக்கிறது. வழக்கமாக அனுப்புகிற அளவு இல்லையே என்று நினைக்காதே. மேசை விளிம்பில் மாட்டி அரைப்போமே அந்தக் கைமிஷின், திங்கட்கிழமை மத்தியானம் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். என் தையல் பையிலிருந்து நாடா எடுத்துவரச் சொல்லி, வலது கை விரல்களை அந்தப் பிடியோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். அன்றைக்குப் பாதிச் சுற்றுதான் வந்தது, அதுவும் தோள்தான் தள்ளியது. இன்றோடு எட்டு நாள், அந்தக் கையால் இந்தப் பொட்டலத்துக்குமேல் அரைபடவில்லை. நைசாக இல்லை, கொரகொரவென்று இருக்கும், நன்றாக வடிகட்டிக் குடி.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். ராடு எட்டு அடி, நம்பர் அஞ்சு, கைப்பிடி வலது பக்கம், மறந்துவிடாதே.

உன் அன்பு அம்மா,
தே. செல்வமேரி