போன தடம்

சல்தனத்தின் அப்பாவுக்கு,

அடுப்பில் கஞ்சி இருக்கிறது. ஃபிரிஜ்ஜில் உள்ள குதிரைக்கறியைத் தொட வேண்டாம். கல்யாண வீட்டில் தின்றதற்கே யூரிக் அமிலம் ஏறி, வலது கால் பெருவிரல் தக்காளியாய் வீங்கிக் கிடக்கிறது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு நிறையத் தண்ணீர் குடியுங்கள். இசிக்-குல் ஏரி ஓட்டப் பந்தயத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

நேற்று உங்கள் ஷூவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதற்கு, "கட்டில விட்டு எறங்கவே முடியல, நான் எங்கடி ஓடப்போறேன்? பைத்தியமா உனக்கு?" என்று கத்தினீர்கள். மூன்று நாளாக விடிந்ததும் ஷூ நனைந்திருந்தது. எனக்குத் தெரியாமல் பயிற்சிக்குப் போகிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். மன்னியுங்கள்.

இன்று காலை பெட்டி பூட்டியபடியே இருந்தது. சாவி என் கழுத்தில்தான் தொங்கியது. ஆனால் வாசல் பனியில் வெறுங்கால் தடம். வலது பெருவிரல் மட்டும் பெரிதாக, எட்டி எட்டி வைத்து ஏரிப் பக்கம் ஓடியிருக்கிறது. திரும்பி வந்த தடம் இல்லை. உள்ளே வந்து பார்த்தேன். நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குப் பள்ளிக்கூட வேலைக்கு நேரமாகிவிட்டது.

பூர்மகான்

பி.கு. கெட்டது எதுவும் அண்டாதிருக்க ஆர்ச்சா இலையால் வீடெங்கும் புகை போட்டிருக்கிறேன். ஜன்னலைத் திறக்காதீர்கள். உங்கள் குரலில் யாராவது கூப்பிட்டால் கதவையும் திறக்காதீர்கள்.

இன்னொன்று. கோபிக்க வேண்டாம். உள்ளே படுத்திருப்பவரா, வெளியே போனவரா, யார் என் வீட்டுக்காரர் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இதே சீட்டைக் கதவுக்கு வெளியேயும் ஒட்டியிருக்கிறேன். மாத்திரையில் பாதி அங்கேதான் இருக்கிறது.