பச்சையாகத் தெரிவது நரம்பில்லை

மார்ச் 9

பட்டறைக்குப் போனேன். வேடிக்கை பார்க்கத்தான். போன மாதம் கிரைண்டர் சக்கரம் உடைந்து தெறித்ததில் வலது மணிக்கட்டில் நரம்பு துண்டாகிவிட்டது. தைத்துவிட்டார்கள். ஆனால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் யாருடையதோ போல மரத்துக் கிடக்கின்றன. இனி என் இடத்தில் உட்கார்ந்து பல் செட் செய்யப்போவது என் மைத்துனன். மெழுகில் அவன் பல் அடுக்கியிருந்த லட்சணத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் ஏற முண்டியடிக்கிற கூட்டம் தோற்றது. “எப்படி இருக்கு அத்தான்?” என்று கேள்வி வேறு.

“போட்டுக்கிறவர் வாயைத் திறக்காம இருந்தா தப்பிச்சாரு” என்றேன்.

மார்ச் 10

இடது கையால் எழுதுகிறேன். என் கையெழுத்தும் மைத்துனன் வேலை மாதிரி ஆகிவிட்டது.

மார்ச் 24

கட்டு அவிழ்த்தாகிவிட்டது. காலையில் என் மனைவி போட்ட கூச்சல்: “என்னங்க, நரம்பு வந்துடுச்சு! பாருங்க, பச்சையா ஓடுது!”

ஓடுவது ரத்தக்குழாய். இவர்களுக்கு ஊசி குத்துகிற இடமும் நரம்பு, கோபத்தில் நெற்றியில் புடைப்பதும் நரம்பு. அறுந்துபோன நரம்பு பச்சையும் இல்லை, வெளியே தெரியவும் செய்யாது என்று விளக்கி முடிப்பதற்குள் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வாழ்த்துச் சொல்கிறார்! தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் ஒரு கை குறைகிறது.

மார்ச் 27

டாக்டராவது இவளைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்து அந்தப் பச்சை நரம்புக் கதையை நானே சொன்னேன். அந்த மனுஷன் சிரிக்கவில்லை.

“அந்தப் பச்சைக் கோடு வேறம்மா. ஆனா உள்ளேயும் முதல்ல வர்றது ரத்தக்குழாய்தான். வெட்டுப்பட்ட ரெண்டு முனைக்கும் நடுவுல ஆக்சிஜன் பத்தாது. அதனால பொடிப்பொடியா குழாய் முளைச்சு அந்த இடைவெளியைக் கடக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு நரம்போட உறைச் செல்கள் போகும். நரம்பு இழை அதுங்களுக்குப் பின்னாடிதான் வரும்.”

இவள் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! ஆபரேஷனையே இவள்தான் செய்தது மாதிரி.

விரல் நுனி வரை வருமா என்று கேட்டேன். “ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தா நல்லது. முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது.” இதைச் சொல்லத்தான் அத்தனை வருஷம் படித்தாரா?

ஜூன் 18

டாக்டர் உள்ளங்கையில் தட்டினார். சுரீரென்று விரல் பக்கம் ஷாக் ஓடியது. “நரம்பு இதுவரைக்கும் வந்திருக்கு” என்றார். வருகிற நரம்பு மரியாதையாக வரக்கூடாதா?

ஆகஸ்ட் 5

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அவ்வளவுதான். பல் செட்டில் ஈறை உரசுகிற மேடு கண்ணுக்குத் தெரியாது. தடவித்தான் கண்டுபிடிக்கணும். அந்த விரல் வரலேன்னா நான் யாரு? மச்சான் பட்டறையில உக்காந்து டெலிவரி பையனை அதட்டுற ஆளா? வீட்டில் எல்லோரும் தைரியம் சொல்கிறார்கள். அவர்கள் கை நன்றாக இருக்கிறது, சொல்லலாம்.

ஆகஸ்ட் 6

மைத்துனன் ஆரஞ்சு உரித்து வைத்தான். நான் கேட்கவில்லை. தின்றேன்.

டிசம்பர் 2

பளபளவென்று தேய்த்த ஒரு செட்டை மைத்துனன் நீட்டினான். “முடிச்சாச்சு அத்தான்.” ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி வாங்கினேன்.

“முடிச்சியா? உள்பக்கம் இது என்ன மேடு? பாவம் அந்த ஆளு சாப்பிடணுமா, ரத்தம் கக்கணுமா? உனக்கெல்லாம் எவன்டா—”

வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. பிறகு தடவினான்.

“ஆமா அத்தான். இருக்கு.” சட்டென்று நிமிர்ந்தான். “எந்தக் கையால பாத்தீங்க?”

கையைப் பார்த்தேன். வலது. ஆள்காட்டி விரல்.

திட்டு பாதியில் நின்றுவிட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான், அழுமூஞ்சி. செட்டைப் பிடுங்கி அந்த மேட்டை இன்னொரு தடவை தடவினேன். அப்புறம் இன்னொரு தடவை.