பதினாலு நாள்

அஹோ, அரிசோனா
மே 27

மச்சான் வெஸ்லிக்கு,

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குற. மெயில் போட்டா "பாத்தேன்"னு ஒரே வார்த்தை. அதான் கடுதாசி. வியாழக்கிழமை சாமான் லாரியில தபால் வரும்னு ஃபினா இருந்தப்ப சொல்லியிருக்கா. காகிதம்னா கையில வாங்கித்தானே ஆகணும், எங்க ஓடுவ?

நாங்க நல்லாருக்கோம். வெயில் நூத்தி நாலு ஃபாரன்ஹீட். உன் பொண்ணுக்கு முன்பல் ஒண்ணு ஆடுது, யாரையும் தொட விடமாட்டேங்குறா. அவ எங்களுக்கு பாரம் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். என் வீட்டுக்காரி அர்மீடா அவள மடியவிட்டு இறக்கறதே இல்ல.

ஆனா மச்சான், அக்டோபர்ல என் தங்கச்சி ஃபினாவ அடக்கம் பண்ணிட்டு, புள்ள இனெஸ எங்க வீட்டுல விட்டுட்டு, "பதினாலு நாள்தான், கருவியெல்லாம் குளிருக்கு மூடி வச்சிட்டு வந்துடறேன்"ன்னு போன. இப்ப ஏழு மாசம். ஆகஸ்ட் நாலாம் தேதி இங்க ஸ்கூல் தொறக்குறாங்க. அஞ்சு வயசாச்சு, சேக்கணும். அதுக்கு அப்பன் வரணும், இல்லன்னா இனிமே நான்தான் கார்டியன்னு நீ எழுதித் தரணும். ஃபாரம் இதோட இருக்கு. கையெழுத்து போடு, இல்ல வா. நடுவுல நிக்காத.

அந்தப் பனிக்காட்டுக் கொசு குடிச்சது போக உடம்புல ரத்தம் மிச்சம் இருந்தா, வேளாவேளைக்குச் சாப்புடு.

உன் மச்சான்
ஹசிந்தோ


துந்திரா ஆய்வு நிலையம், வடக்கு அலாஸ்கா
ஜூன் 8

ஹசிந்தோ மச்சானுக்கு,

கடுதாசி கிடைச்சுது. நன்றி.

இங்க ஃபாரன்ஹீட்ல நாப்பத்தாறு, குளிர்தான். காத்து வடமேற்கு. பதினொண்ணாம் நம்பர் சென்சார்ல ஈரம் புகுந்துடுச்சு, மாத்திட்டேன். மண்ணு மேலாக்க ஒரு சாண் இளகியிருக்கு. அதுக்குக் கீழ எப்பவும் போல ஐஸ்.

வேற என்ன எழுதறதுன்னு தெரியல. தெரிஞ்சத எழுதறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஃபினா தெக்க, ஸ்ப்ரூஸ் மரக் காட்டு ஓரத்துலேருந்து, வேரும் மண்ணுமா பஞ்சுப்புல் கட்டி அறுபது தோண்டிட்டு வந்து இங்க நட்டா. இங்கத்தது அறுபத அங்க கொண்டுபோயி நட்டா. எது எங்க பொழைக்கும்னு பாக்கறதுக்கு. தெக்கத்திக் கட்டி இன்னிக்கு வரைக்கும் அதோட ஊர்க் கணக்குலயேதான் இருக்கு. இங்கத்தப் புல்லெல்லாம் பழுத்து அடங்கற நேரத்துலயும் அது பச்சையா நிக்கும், நின்னு உறைபனியில மாட்டிக்கும். "பாரு, என்ன மாதிரியே மண்டக்கனம்"னு ஃபினா சிரிப்பா.

அவ உங்க ஊர்ப் பழக்கத்துல, தேளே இல்லாத இந்த ஊர்லயும் தெனம் காலையில பூட்ஸ கவுத்துத் தட்டிட்டுத்தான் போடுவா. ஏழு வருஷமும். "உள்ள என்னம்மா, பனிக்கரடியா?"ன்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. "தெனம் தட்டறேன்ல, அதான் இல்ல"ம்பா. இப்ப நானும் தட்டறேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியல.

உங்க ஊர்ல மழ பெஞ்சா மணக்குமே அந்தப் புதர், அதோட ஒரு கிளைய புட்டியில போட்டு மேசையில வச்சிருந்தா. வீட்டு ஞாபகம் வந்தா மூடியத் திறந்து வாயால ஊதுவா. உடனே மழ வாசன வரும். "வா, வா, எங்க ஊருக்கு வந்துட்டுப் போ"ன்னு என்னையும் இழுத்துப்பா. போன வாரம் நானும் ஊதிப் பாத்தேன். ஒண்ணும் வரல. கிளைக்கு வயசாச்சா, என் மூக்கு போச்சான்னு தெரியல.

அவ தலைவலின்னு சொன்ன மூணாம் நாள் போனா. அந்த மூணு நாளோட வெப்பநிலை, காத்து, பனி உயரம் எல்லாம் என்கிட்ட பதிவாகி இருக்கு. வேறொண்ணும் ஞாபகம் இல்ல.

இந்த வருஷம் புல் கட்டி கணக்க நான்தான் எடுக்கணும். அவ எண்ணுற முறை வேற யாருக்கும் தெரியாது. அதனால ஆகஸ்ட்டுக்கு வர முடியாது. ஃபாரத்துல கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். இனெஸுக்கு அங்கதான் நல்லது.

பல் விழுந்தா சொல்லு.

வெஸ்லி


அஹோ
ஜூன் 19

மச்சான்,

ஃபாரம் வந்துது. கையெழுத்து கட்டத்துக்குள்ளயே, அச்சடிச்ச மாதிரி இருக்கு. அதான் எனக்கு ஆத்திரம். புள்ளைய எழுதிக் குடுக்கறவன் கை ஒரு இடத்துலயாவது நடுங்க வேணாமா?

அர்மீடா சொல்றா: "திட்டாதீங்க. அவரு டகோட்டா புல்வெளி ஆளு. அங்க புல்லு மேல முழங்கால் உயரம் தெரிஞ்சா வேரு பத்தடி கீழ இருக்கும்னு ஃபினா சொல்லியிருக்கா." சரி, திட்டல. ஆனா பத்தடி தோண்டிப் பாக்க எனக்கு நேரமில்ல, நீயே கொஞ்சம் மேல வா.

யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணு உன்கிட்ட சொல்றேன். என் தொழில் உனக்குத் தெரியும். ரோடு போடற எடத்துல நிக்கிற சகுவாரோ கள்ளிய வேரோட எடுத்து வேற எடத்துல நடணும். எடுக்கறதுக்கு முன்னாடி தெக்குப் பக்கம் சாக்கட்டியால கோடு போடுவோம். நடும்போது அந்தக் கோடு தெக்கயே பாக்கணும். தெக்குத் தோலு வெயில் பட்டுப் பட்டுத் தடிச்சிருக்கும். வடக்குத் தோலு கைக்கொழந்த தோலு. திருப்பி நட்டா வெந்துடும்.

ஃபினாவ அடக்கம் பண்ண மறுவாரம் ஒரு பதினஞ்சடி கள்ளிய எடுத்தேன். கோடு போடல. இருபது வருஷத்துல முதல் தடவ. குத்துமதிப்பா நட்டுட்டு வீட்டுக்கு வந்து படுத்துட்டேன். இந்த மாசம் போயிப் பாத்தா ஒரு பக்கம் மஞ்சளா வெந்து கிடக்கு.

மத்த பக்கமெல்லாம் பச்ச. அதான் இந்தக் கள்ளியோட மோசமே. வேரு புடிக்கலன்னாலும், உள்ள சேத்து வச்ச தண்ணிய குடிச்சே ரெண்டு வருஷம் நிக்கும். போறவன் வரவனெல்லாம் "நல்லாருக்கே"ன்னுவான். அப்புறம் ஒரு நாள் விழும். "சென்சார மாத்திட்டேன், காத்து வடமேற்கு"ன்னு நீ எழுதினத படிச்சப்ப, மச்சான், எனக்கு அந்தக் கள்ளிதான் கண்ணுல வந்துது.

இனெஸ கூட்டிட்டுப் போயி அதுக்கு நிழல்துணி கட்டினேன். திரும்பி வரப்ப பக்கத்து வீட்டு டோலோரெஸ் அம்மா வேலியில சாஞ்சுக்கிட்டு அவகிட்ட கேக்குது: "உங்கப்பா எப்பம்மா வராரு?"

"பதினாலு நாள்ல."

"அது முடிஞ்சு ரொம்ப நாளாச்சேடி கண்ணு."

"உங்களுக்குத் தெரியாது. அப்பா ஊர்ல குளிர்காலம் பூரா ஒரே ராத்திரி. இப்ப சூரியன் மறையவே மறையாது, அது ஒரே பகல். ரெண்டும் சேந்தாத்தான் ஒரு நாள். அங்க முதல் நாளே இன்னும் முடியல."

டோலோரெஸ் அம்மா வேலிய விட்டு உள்ள போயிடுச்சு. அந்தம்மா பேச்ச இவ்வளவு சீக்கிரம் முடிச்சு இந்தத் தெருவுல யாரும் பாத்ததில்ல.

இனெஸ் கணக்குப்படி நீ வர பதினாலு வருஷம் ஆகும். காத்திருக்க அவ தயாரா இருக்கா. உன்மேல தப்பு வராம இருக்க அவளே உக்காந்து கண்டுபுடிச்ச நியாயம் அது. நான் கண்டுபுடிக்கல, அர்மீடா கண்டுபுடிக்கல.

ஃபாரத்த நான் இன்னும் ஸ்கூல்ல குடுக்கல. ஜூலை கடைசி வரைக்கும் வச்சிருப்பேன். அப்புறம் குடுத்துடுவேன், சத்தியமா.

ஹசிந்தோ


ஆய்வு நிலையம்
ஜூலை 3

மச்சான்,

உன் கடுதாசிய சாப்பாட்டு ஹால்ல நின்னுக்கிட்டே படிச்சேன். படிச்சிட்டு நேரா புல் கட்டி எண்ணப் போயிட்டேன். முப்பத்தேழு வரைக்கும் எண்ணினேன். முப்பத்தெட்டு கண்ணுக்குத் தெரியல. கண்ணத் தொடச்சிக்கலாம்னு தலையில மாட்டின கொசுவலையத் தூக்கினா மூஞ்சி முழுக்கக் கொசு. கூட வேல பாக்குற பெர்னிஸ் ஓடி வந்து, "என்னய்யா, அலர்ஜியா?"ன்னா.

"இல்ல, அழறேன்."

"அப்ப வலைய இறக்கிட்டு அழு."

இறக்கிட்டு அழுதேன். அவ பக்கத்துல நின்னு கொசு அடிச்சிட்டு இருந்தா.

நோட்டுல முப்பத்தெட்டாம் கட்டம் காலியா இருக்கு. இந்த ஏழு வருஷ வேலையில நான் விட்ட முதல் காலி. மறுநாள் எண்ணுற முறைய பெர்னிஸுக்குச் சொல்லிக் குடுத்தேன். அரை நாள்தான் ஆச்சு, மச்சான். என்ன விட்டா யாருமில்லன்னு உனக்கு எழுதினேனே, அது வெறும் அரை நாள் வேல.

போன் எடுக்காததுக்குக் காரணம் சொல்லிடறேன். வாக்கியம் முடியறதுக்குள்ள அடுத்தத ஆரம்பிச்சுடுவா ஃபினா. இனெஸும் அப்படியேதான். நவம்பர்ல ஒரு தடவ எடுத்தேன். "அப்பா, நான் இன்னிக்கு, அப்பா, உனக்குத் தெரியுமா"ன்னு ஆரம்பிச்சா. வச்சிட்டேன். சிக்னல் போச்சுன்னு உன்கிட்ட பொய் சொன்னேன்.

இருபதாம் தேதி லாரியில கிளம்பறேன். ஃபேர்பேங்க்ஸ் டவுன்ல இருக்கற எங்க வீட்டக் காலி பண்ணிட்டு, இருபத்தாறு சாயங்காலம் அஹோ பஸ்ல வரேன். அவளக் கூட்டிட்டுப் போக வரல. இருக்கறதுக்கு வரேன். பொறந்தது புல்வெளி, பொழச்சது பனி, உங்க வெயில் எனக்குச் சரிப்படுமான்னு தெரியாது. குழி தோண்டற வேல இருந்தா குடு.

ஒரே ஒரு விஷயம். அவகிட்ட இப்ப சொல்லாத. வழியில எங்கயாவது இறங்கித் திரும்பிடுவேனோன்னு எனக்கே பயமா இருக்கு. நான் பஸ் ஏறினப்புறம் சொல்லு. பதில ஃபேர்பேங்க்ஸ் வீட்டுக்கு எழுது.

வெஸ்லி


அஹோ
ஜூலை 12

மச்சான்,

சொல்லிட்டேன்.

நீ வரேன்னு எழுதினது மூணாம் பக்கம், சொல்லாதன்னு எழுதினது நாலாம் பக்கம். நடுவுல நான் சந்தோஷத்துல கத்திட்டேன், இனெஸ் காதுல விழுந்துடுச்சு. முக்கியமானத முன்னாடி எழுதக் கத்துக்க.

அவ குதிக்கல, கேள்வி கேக்கல. செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போனா. அர மணி நேரத்துல தெரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. தபால்காரரு என்ன நிறுத்தி, "உங்க மாப்ள வராராமே"ங்கறாரு. ஸ்கூல்லயும் போயி, சேக்க அப்பாவே வராருன்னு சொல்லிட்டேன். இனிமே நீ வழியில இறங்கினா எனக்கு மட்டும் பதில் சொன்னாப் பத்தாது.

பயம் இருக்கட்டும். பயத்தோடயே ஏறு.

பஸ் ஸ்டாப்புல நான் இருக்க மாட்டேன். அவளும் அர்மீடாவும்தான் நிப்பாங்க. இப்பவே சொல்றா, மத்தியானத்துலேருந்து நிக்கப் போறாளாம். அங்க நிழல் கிடையாது. அவள ரொம்ப நேரம் வெயில்ல வைக்காத.

ஹசிந்தோ