வடிவு கையில் இருக்கும் சாவி

என் வயிற்றில் பிறந்த செல்லமே, கோமதி,

நேற்று உன் மகள் வடிவைப் பாளையங்கோட்டையில், காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்தேன். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டுமாம். ஒரு மாதத்துக்கு யாரும் பார்க்க வரக் கூடாதாம், பிள்ளை பழகட்டும் என்கிறார்கள். எழுத்து கோணலாக இருப்பது நான் மூன்றாம் வகுப்போடு நின்றதால் மட்டும் இல்லை.

அவளுக்குக் காது கேட்காது என்பது தெரியாமலே நீ போய்விட்டாய். யாருக்குத்தான் தெரிந்தது? நம் தெருவில் விடிந்ததிலிருந்து விசைத்தறி அடிக்கிறது. பக்கத்தில் நிற்கிறவளிடம்கூடக் கையாலும் வாயசைப்பாலும்தான் பேசுகிறோம். நூல் அறுந்தால் இரண்டு விரல், தண்ணீருக்குக் கட்டைவிரல், சாப்பிட வா என்றால் குவித்த கை. வடிவு எல்லாருக்கும் முந்திப் புரிந்துகொள்வாள். "தறி வீட்டுப் பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்" என்று நீயே பெருமைப்பட்டாய்.

நீ போன மறு வருடம், ஒரு பகலில் கரண்டு போய்த் தெருவே அடங்கிவிட்டது. எல்லாரும் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தோம். அவள் மட்டும் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். முதுகுக்குப் பின்னால் போய்ப் பித்தளைத் தட்டைக் கீழே போட்டேன். அவள் திரும்பவில்லை.

உன் மாமியார் வாசுதேவநல்லூரிலிருந்து வந்து பார்த்தாள், உன் புருஷன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பொட்டப்பிள்ள, அதுலயும் செவிடு. நீங்களே வச்சுக்கிடுங்க மதினி" என்றாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி, மாம்பழ மஞ்சள் சேலை. அந்த வீட்டில் நான் சாகும்வரை தண்ணீர் குடிக்க மாட்டேன்.

என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். முதலில் அவளை நம் தெருப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தேன், காது கேட்காது என்பதை மறைத்து. சேர்க்கும்போது என்ன கேட்பார்கள்? கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். எட்டினால் ஐந்து வயது. பத்து நாள் பழக்கினேன். பெரிய வாத்தியாரின் வாய் அசைந்ததும் கை மேலே போக வேண்டும். போனது. "சூட்டிகையான பிள்ளையா இருக்காளே ஆச்சி!" என்று சொல்லிப் பேரை எழுதிக்கொண்டார். ஏதோ நான் ஜெயித்துவிட்டது போல மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு வருடம், கோமதி. பேர் கூப்பிட்டால் பதில் சொல்லாத பிள்ளை என்று கடைசி வரிசையில் நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். வாத்தியார் அவளைப் பார்த்து வாயைத் திறந்தபோதெல்லாம் இவள் காதைத் தொட்டிருக்கிறாள். கேலி பண்ணுகிறாள் என்று அடித்திருக்கிறார். அவரை நான் மன்னிக்க மாட்டேன். என்னை நீ மன்னிப்பாயா?

புதிதாக வந்த டீச்சர் ஒருத்திதான் கண்டுபிடித்து வீடு தேடி வந்தாள். "மறைச்சது போதும் ஆச்சி. பாளையங்கோட்டையில இவள மாதிரிப் பிள்ளைகளுக்குன்னே டீச்சர்மாரு இருக்காவ. பேசக்கூடச் சொல்லிக் குடுப்பாவ" என்றாள். டாக்டர் சீட்டு, சேர்க்கை மனு எல்லாவற்றுக்கும் அவளே அலைந்தாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த பஸ்ஸை நினைத்துப் பார்த்தாயா? உன்னைக் காய்ச்சலோடு திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றியபோது வடிவுக்கு மூன்று வயது. என் இடுப்பில் இருந்துகொண்டு கையசைத்தாள். உன் உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வாசுதேவநல்லூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள், பிள்ளைக்குக் காட்டவே இல்லை. நீ செத்துப்போனதை அவளிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. எந்தக் கைச்சாடையால் சொல்வது? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அந்த பஸ்ஸில் ஏறினவர்கள் திரும்புவதில்லை.

பாளையங்கோட்டைக்கும் நேற்று அதே திருநெல்வேலி பஸ்தான். படிக்கம்பியைக் கட்டிக்கொண்டு ஏற மாட்டேன் என்று நின்றாள். கண்டக்டர் விசிலை ஊதி, "ஏட்டி, ஏறுதியா இல்லையா?" என்று கத்துகிறான். நான் தூக்கி உள்ளே போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் குனிந்து ஏதோ கேட்டதும் வடிவின் கை தலைக்கு மேலே போய்க் காதைத் தொட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மா அடிக்கவில்லை. தானும் கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். வடிவு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்ததும் என் முந்தானையைப் பிடித்துவிட்டாள். திரும்பி வருவேன் என்பதற்குத் தறிக்காரர்களிடம் கைச்சாடை கிடையாது, கோமதி. வேலை முடிந்தால் எல்லாரும் வீட்டுக்குத்தானே போகிறோம், அது எதற்கு?

நம் வீட்டுக்கு ஒரே சாவி. தினமும் பூட்டுவது வடிவின் வேலை. பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியை என் இடுப்பில் செருகுவாள். அது இல்லாமல் ஆச்சி உள்ளே போக முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முந்தானையை விட்டாள். திரும்பி வருவேன் என்று புரிந்துதான் விட்டாளா, சாவியைப் பிடிப்பதற்காக விட்டாளா?

விளக்கை அணைத்துவிட்டால் யார் கையும் அவளுக்குத் தெரியாதே. ஆச்சியும் அம்மா மாதிரிப் போய்விட்டாள் என்று நினைத்தால்? வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவள் அவள், யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் வந்து பூட்டின வீட்டுக்கு முன்னால் நின்றேன். பக்கத்து வீட்டு ஆசாரி முத்தையா வந்தான்.

"சாவிய எங்கன தொலைச்சிய ஆச்சி?"

"தொலைக்கலலே. பிள்ள கையில குடுத்துட்டு வந்திருக்கேன்."

"பாளையங்கோட்டையிலயா! வீடு இங்கன, சாவி அங்கனயா? தள்ளுங்க, சுத்தியலால ஒரு போடு போட்டா தெறிச்சிரும்."

"பூட்டுல கைய வச்சே, கைய முறிச்சிருவேன். நாதாங்கியக் கழத்துலே."

முணுமுணுத்துக்கொண்டே, பூட்டு மாட்டுகிற இரும்பு நாதாங்கியை நிலையிலிருந்து கழற்றினான். பூட்டு, பூட்டினபடியே கதவில் தொங்குகிறது. கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறேன்.

பார்க்க வரக் கூடாது என்றுதானே சொன்னார்கள், ரோட்டில் நிற்கக் கூடாது என்று சொல்லவில்லையே. ஞாயிற்றுக்கிழமை அதே பஸ்ஸில் போய், அவள் கண்ணில் படுகிற மாதிரி வேலிக்கு வெளியே நிற்பேன். அவளை லீவுக்குக் கூட்டி வருகிற அன்றைக்கு முத்தையா நாதாங்கியை மறுபடி அடிப்பான். அதுவரை புதுப் பூட்டு வாங்க மாட்டேன். இந்தப் பூட்டு அவள் கையால்தான் திறக்கும். இது உனக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள், வடிவின் ஆச்சி