பாறைக்குக் கீழே அம்மாவின் கட்டில்

அண்ணா,

அம்மாவைச் சாகக் கொடுக்கத் துணிந்துவிட்டாய். பழைய துறைமுகத்தையும் பாறையில் பதிந்த சிப்பிகளையும் பார்க்க வருகிறவர்களுக்குக் கடல் பார்த்த அவள் அறையை வாடகைக்கு விட்டு, பாறைச் சரிவுக்கு அடியிலுள்ள தகரக் கொட்டகைக்கு அவளைத் தள்ளியிருக்கிறாய்.

என் ஊருக்குத் திரும்பியதும் இதை எழுதுகிறேன். நான் அங்கிருந்தபோதுதான், மழையில் உடைந்த பாறை தகரத்தைப் பொத்துக்கொண்டு அவள் கட்டிலில் விழுந்தது. முகம் கழுவ எழுந்து போனதால் பிழைத்தாள். நீ ஓடிவந்து முதலில் கல்லைப் புரட்டிப் பார்த்துக் கூவினாய்.

"எல்லாரும் வாங்க! கோடி வருஷத்துச் சிப்பி, இப்பதான் இறங்கியிருக்கு!"

வாடகைக்கு வந்தவர்கள் செருப்புக் காலோடு நுழைந்து படமெடுத்தார்கள். "கொஞ்சம் தள்ளுங்கம்மா, நிழல் விழுது" என்றான் ஒருவன். ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டே அம்மா நகர்ந்தாள். நீ சிரித்தாய்.

"என்கூட வந்துடும்மா" என்றேன்.

"வேணாம்டி. பெத்த பிள்ளையே தொரத்திட்டான்னு ஊர் பேசும்."

ஓட்டைக்குத் தார்ப்பாய் போட்டு, அதே இடத்தில் அவளைப் படுக்க வைத்தாய். நான் கிளம்பும்போதும் மழை விடவில்லை.

இது கைக்குக் கிடைத்ததும் அம்மாவை உன் அறையில் படுக்க வை. நீ கொட்டகையில் போய்ப் படு. படுப்பாயா? பதில் எழுது.

உன் தங்கை